பிரித்துப் பூட்ட முடிகிற ஹெட்ஃபோனை வாங்குங்கள்

குரல் பதிவுகளைத் திருத்துவது என் தொழில். வேலை நாளில் பெரும்பாலான நேரம் காதில் ஹெட்ஃபோன் இருக்கும். தெரிந்தவர்களிடம் பழுதாகிப் போனவையும் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்து சேரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர், அதன் ஒலியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, அதைக் கழற்றி மாட்ட முடியுமா என்று விசாரித்துவிட வேண்டும்.

ஏனென்றால் ஒலியை உண்டாக்கும் பாகமான ட்ரைவர் லேசில் கெடுவதில்லை. தேய்வதும் முறிவதும் அதைச் சுற்றி இருப்பவைதான்: காதைச் சுற்றி அமரும் பேட், உச்சந்தலையில் படும் பஞ்சு, கேபிள், பிளக், காதை மூடும் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் கவை. இவை தனித்தனியாகக் கிடைத்தால் ஹெட்ஃபோன் பல வருடம் ஓடும். கிடைக்காவிட்டால் பேட் உரியத் தொடங்கும்போதே அதன் ஆயுள் முடிந்த மாதிரிதான். சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997-இல். இன்னமும் விற்பனையில் இருக்கிறது. பேட், கேபிள், தலைப்பஞ்சு, வெளிவலை எல்லாமே திருப்புளி இல்லாமல் கையாலேயே கழன்று வரும். நான் தினமும் போடுவது அதைத்தான். கேபிள் மாறிவிட்டது, பேட் பலமுறை மாறிவிட்டது, ட்ரைவர்கள் மட்டும் வாங்கியபோது இருந்தவையே.

ஆகவே ஒரு மாடல் மேல் ஆசை வந்ததும், அதே பெயரைப் போட்டு பேட், கேபிள், தலைப்பஞ்சு ஆகிய மூன்றும் உதிரியாகக் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள். கேபிள் கழற்றக்கூடியதா, அதன் முனை பலரும் பயன்படுத்தும் வகையா, அந்த ஒரு கம்பெனி மட்டும் செய்வதா என்று பாருங்கள். 3.5 மி.மீ. ஜாக்கோ சின்ன எக்ஸ்எல்ஆர் என்ற வட்டமான பல முனை பிளக்கோ இருந்தால் கவலையில்லை. கிண்ணங்களைப் பிரிக்கும் ஸ்க்ரூ கண்ணில் படுகிறதா, இல்லை எல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிட வேலைதான். இதில் தேறாத ஹெட்ஃபோன் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், என்னைக் கேட்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

வயர்லெஸ் விரும்புகிறவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் தளர ஆரம்பிக்கும். அதை மாற்ற வழியில்லை என்றால், நீங்கள் கொடுத்த பணம் முழுக்க அந்தச் சின்ன பேட்டரியின் ஆயுளுக்குள் அடங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், கையடக்கப் பொருள்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பிரிவு 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பிறகு நிலைமை தேறலாம். அதுவரை கேபிளிலும் வேலை செய்கிற வயர்லெஸ் மாடலாகப் பார்த்து எடுங்கள். பேட்டரி செத்த பிறகும் கேபிள் வழியாகப் பாடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்கள் கேபிள் செருகியிருந்தாலும் மின்சாரம் இல்லாமல் வாய் திறக்காது.

உள்ளே என்ன இருக்கிறது

ட்ரைவரில் மூன்று வகை. டைனமிக் என்பது மெல்லிய சவ்வின் பின்னால் கம்பிச்சுருளை ஒட்டி, அதைக் காந்தத்தின் இடைவெளியில் ஆட விடுவது. பேயர்டைனமிக் 1937-இல் கொண்டுவந்த டிடி 48 முதல் இன்றுவரை பெரும்பான்மை இதுதான். பிளேனார் வகையில் சுருள் கிடையாது. சவ்வின் மேலேயே மின்தடம் பதிந்திருக்கும், அதன் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ காந்தப் பட்டைகள் இருக்கும். எலக்ட்ரோஸ்டாடிக் வகையில் சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வு, இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்குத் தனி ஆம்ப், அதாவது ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், கட்டாயம் வேண்டும்.

பழுது பார்க்கிறவனுடைய கண்ணில், டைனமிக் தைரியமாகத் திறக்கக்கூடியது. பிளேனாரை எச்சரிக்கையோடு திறக்கலாம். எலக்ட்ரோஸ்டாடிக்கைத் திறக்கவே வேண்டாம். முதல் உயர்தர ஹெட்ஃபோன் வாங்குகிறவருக்கு நான் டைனமிக்கைத்தான் சொல்வேன்.

கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருக்கும் ஓபன் பேக், மூடியிருக்கும் குளோஸ்டு பேக் என்ற தேர்வுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், வெளிச்சத்தம் இருக்கும் என்றால் மூடிய வகை. தனி அறை என்றால் திறந்த வகை. அதில் காற்றோட்டம் இருப்பதால் நீண்ட நேரம் போட்டாலும் காது புழுங்காது, ஒலியும் தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே விரியும்.

ஆம்ப் வேண்டுமா, எப்படிக் கணக்குப் போடுவது

ஓம் (ஹெட்ஃபோனின் மின்தடை அளவு) அதிகம் இருந்தால் ஆம்ப் வேண்டும், குறைவாக இருந்தால் வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். ஓம் மட்டும் பார்த்தால் போதாது, உணர்திறனையும், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்டி 600-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்குச் சுமார் 97 டெசிபெல். இசையின் உச்சத் தட்டுகளுக்கு 110 டெசிபெல் வரை இடம் வேண்டும் என்று வைத்தால், இன்னும் 13 டெசிபெல் தேவை. அது 20 மில்லிவாட். 300 ஓமில் 20 மில்லிவாட் என்றால் ஏறக்குறைய 2.5 வோல்ட். ஃபோனில் மாட்டும், 1 வோல்ட் மட்டும் தரும் சின்ன டாங்கிளில் செருகினால் 102 டெசிபெல் வரைதான் போகும். பேச்சுக்கும் இன்றைய பாடல்களுக்கும் அது போதும். குறைந்த ஒலியில் பதிவான பழைய இசைத்தட்டுகளுக்குக் கொஞ்சம் இழுக்கும்.

இப்போது ஹைஃபைமேன் எச்இ-6. வெறும் 50 ஓம்தான். ஆனால் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். அதே 110-ஐத் தொட ஏறக்குறைய 450 மில்லிவாட் வேண்டும். அதாவது எச்டி 600-ஐப் போல இருபது மடங்குக்கு மேல். ஓம் குறைவு என்று நம்பி இதை ஃபோனில் செருகினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விவரச்சீட்டைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. சிலர் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்கு என்று எழுதுவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு என்று எழுதுவார்கள். 300 ஓமில் இரண்டுக்கும் 5 டெசிபெல் வித்தியாசம் வரும். 32 ஓமில் 15 டெசிபெல் வரும். அலகைப் பார்க்காமல் இரண்டு மாடல்களை ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும்.

ஆம்ப் வாங்கும்போது அதன் வெளியீட்டு ஓமையும் கேளுங்கள். ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 32 ஓம் டைனமிக் ஹெட்ஃபோனுக்கு 4 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதிகமானால், டைனமிக் ட்ரைவரின் மின்தடை எந்த அதிர்வெண்ணில் ஏறுகிறதோ அங்கே ஒலியும் ஏறி, பேஸ் (கீழ் ஒலிகள்) வீங்கிக் கேட்கும். பிளேனாரின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 4.4 மி.மீ. ஜாக்கோ நாலு முனை எக்ஸ்எல்ஆரோ உள்ள பேலன்ஸ்டு ஆம்பில், அடாப்டர் போட்டுச் சாதாரண மூன்று தொடர்பு பிளக்கைச் செருகவே கூடாது. இடது வலது இரண்டின் எதிர்முனைகளும் பேலன்ஸ்டு ஆம்பில் தனித்தனியாக ஓட்டப்படுபவை. அடாப்டர் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும், ஆம்ப் எரிந்து போகலாம். பேலன்ஸ்டு கேபிளைச் சாதாரண ஆம்பில் மாட்டும் அடாப்டர் பயமில்லாதது. ஆபத்து அந்த ஒரு திசையில்தான்.

வாங்கும்போது காதால் சோதிப்பது

சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு டெசிபெல் வித்தியாசமே போதும், மனம் சாய்ந்துவிடும். அதனால் இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்திவிட்டுத்தான் தீர்ப்புக்குப் போக வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு பேச்சுக் குரலும் இருக்கட்டும். மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மூக்கடைத்த மாதிரியோ, ச, ஷ ஒலிகள் ஊசியாகக் குத்துகிற மாதிரியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். என் தொழிலில் நான் நம்புவது இந்த ஒரு சோதனையைத்தான்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2017-இல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் வளைவுகளை (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்ற அளவை) அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு மலிவானதே போதும் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கட்டுமானம், எடை, உதிரிபாகம், இரண்டு பக்க ட்ரைவர்களும் ஒத்துப்போவது, இதற்கெல்லாம் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒலியின் நிறத்துக்காக மட்டும் மேலும் மேலும் கொடுப்பதில் இல்லை. நிறத்தை ஈக்வலைசரில், அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியில், திருத்திக்கொள்ளலாம். பேஸ் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றால் கூட்டுங்கள், ஆனால் கூட்டிய அளவுக்கு மொத்த ஒலியளவை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

விலை உயர்ந்த கேபிள் ஒலியை மாற்றும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேபிள் வளையக்கூடியதாக, போதிய நீளமாக, சட்டையில் உரசினால் காதுக்குள் சரசரக்காததாக இருந்தால் சரி.

போட்டுப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். உச்சந்தலையில் ஒரே புள்ளியில் எடை இறங்குகிறதா, தாடை எலும்பில் அழுத்துகிறதா என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேட்டைத் தூக்கிவிட்டால் காற்று கசியும், மூடிய வகையில் பேஸ் காணாமல் போகும். அது ட்ரைவரின் குறை கிடையாது.

பழையது வாங்குகிறவர்களுக்கு

உயர்தர ஹெட்ஃபோனைப் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனமான காரியம், சோதிக்கத் தெரிந்தால். நேரில் பார்க்கப் போகும்போது ஒரு சின்ன மல்டிமீட்டரும், ஃபோனில் ஒலிச்சோதனைக் கோப்புகளும், உங்களுக்குத் தெரிந்த ஒரு டாங்கிளும் எடுத்துப் போங்கள்.

முதலில் மல்டிமீட்டர். பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அளந்தால் இடது ட்ரைவர், நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அளந்தால் வலது. மீட்டர் காட்டும் எண், அறிவித்த ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும். வழக்கமாகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 300 ஓம் என்று பெயர் போட்ட ஹெட்ஃபோன் 30 காட்டினால், உள்ளே இருப்பது வேறு ட்ரைவர். புகழ்பெற்ற மாடல்களுக்குப் போலிகள் நிறைய. பெட்டியையும் எழுத்தையும் அச்சாகக் காப்பியடித்துவிடுவார்கள், ஓமைக் காப்பியடிக்க மெனக்கெடுவதில்லை.

அடுத்தது ஒலி. 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் தூய தொனியை மிதமான அளவில் ஓட விடுங்கள். கீழ்ப்பகுதியில், முக்கியமாக 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, படபடப்போ கரகரப்போ கேட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. அது வெறும் முடியாகவும் இருக்கலாம், ட்ரைவர் கெட்டதாகவும் இருக்கலாம்; விலை பேச உங்களுக்குக் காரணம் கிடைத்தது. பிறகு இரண்டு காதுக்கும் ஒரே இரைச்சலைக் கொடுங்கள். அது நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சாய்வும் திரும்பினால் கோளாறு ஹெட்ஃபோனிலோ, ஃபோனிலோ. திரும்பாவிட்டால் உங்கள் காதில். இரைச்சல் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே மங்கலாகப் பரவி, பேஸும் மெலிந்திருந்தால், யாரோ ஒரு பக்க ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். அது சுலபமாகச் சரி செய்யக்கூடியது.

கடைசியில் கண். கவையிலும் நீட்டிச் சுருக்கும் இடத்திலும் நல்ல வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் தேடுங்கள். கேபிள் செருகும் ஓட்டையில் பிளக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கிறது. பேட் தட்டையாகியிருந்தால் புதிய பேட்டின் விலையைக் கழித்துப் பேசுங்கள். பேட் பழசு என்பதற்காக நல்ல ஹெட்ஃபோனை விட்டுவிடாதீர்கள்.

தினசரிப் பராமரிப்பு, பெரும்பாலும் பேட்

ஹெட்ஃபோன் பழசானதும் "முன்னே மாதிரி இல்லை" என்று சொல்வார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அது பேட்தான் என்பது என் அனுபவம். பேட் அமுங்க அமுங்க காது ட்ரைவருக்கு நெருக்கமாகப் போகிறது, ஓரங்களில் காற்று கசிகிறது, பேஸும் மேல் ஒலிகளும் இடம் மாறுகின்றன. புதுப் பேட் போட்டதும் பலர் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். தினமும் பல மணி நேரம் போடுகிறவர்கள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. முடிந்தவரை அதே மாடலின் அசல் பேட்டை வாங்குங்கள். வேறு தடிமனோ, துணிக்குப் பதில் தோலோ போட்டால், ஒலி கணிசமாக மாறிவிடும்.

தோல் மாதிரி இருக்கும் செயற்கைப் பேட்கள் பாலியூரிதேன் பூச்சுள்ளவை. காற்றின் ஈரத்தில் அது தானாகவே சிதையும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் சில வருடத்தில் செதிலாக உதிரும். ஆகவே உதிரிப் பேட்டை மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைப்பதில் பயனில்லை. ஈரப்பதம் அதிகமான இடத்தில் இருப்பவர்கள் வெல்வெட் துணிப் பேட் கிடைக்கும் மாடலைத் தேர்ந்தால் இந்தத் தலைவலி குறையும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டுக் கையால் அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி மாட்டலாம். தோல் பேட்டை, பாட்டுக் கேட்டு முடித்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரிட் தொடக் கூடாது.

ட்ரைவர் பக்கத்துத் தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அழுத்தக் காற்றோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம், சவ்வு ஒரே நொடியில் மடங்கிவிடும். பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள், கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். கேபிளைக் கிண்ணத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நுழைவாய் அருகே ஒயர் முறிவதற்கு அதுதான் பெரிய காரணம்.

காதும் பராமரிக்க வேண்டிய பொருள்தான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், சராசரி 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். தெளிவான ஹெட்ஃபோனில் சத்தம் கூடுவது நமக்கே தெரியாது, கரகரப்பு வந்து எச்சரிக்காது. அதனால் வேலை தொடங்கும்போதே அளவை வைத்துவிட்டு, பிறகு குமிழைத் தொடாமல் இருப்பது என் வழக்கம்.

ஒரு பக்கம் கேட்கவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார். அக்கா மகன் ஒரு ராத்திரி கூப்பிட்டான்.

"மாமா, வலது பக்கம் செத்துப்போச்சு. புதுசு வாங்கிடவா?"

"இருடா. ஃபோன்ல பேலன்ஸ் நடுவுல இருக்கா பாரு."

"நடுவுலதான் இருக்கு."

"கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டி, இடம் மாத்திச் சொருகு. இப்ப எந்தப் பக்கம் கேக்கல?"

"இப்ப இடது கேக்கல, மாமா."

"அப்போ ட்ரைவர் நல்லா இருக்கு. கேபிள்தான், இல்லன்னா ஃபோன் ஜாக்."

இந்த வரிசையை யாரும் பின்பற்றலாம். கேபிளை இடம் மாற்றியதும் கோளாறும் இடம் மாறினால் பழி கேபிளுக்கோ ஃபோனுக்கோ போகும். அதே கிண்ணத்தில் தங்கினால் ட்ரைவருக்கோ, அதன் செருகுவாய்க்கோ. அடுத்து வேறொரு ஹெட்ஃபோனை அதே ஜாக்கில் செருகினால் ஃபோனா கேபிளா என்று தெரிந்துவிடும். ஒரே பக்கம் கேபிள் நுழையும் மாடல்களில் தலைப்பட்டை வழியாக மறுபக்கம் போகும் மெல்லிய ஒயரையும் சந்தேகப்பட வேண்டும்; நீட்டிச் சுருக்கும்போது அது இழுபட்டு அறுந்துபோகும்.

விசித்திரமான ஒரு அறிகுறியும் உண்டு. இசை கேட்கும், ஆனால் பாடகரின் குரல் மட்டும் காணாமல் போய், எல்லாம் குகைக்குள் ஒலிப்பது போல இருக்கும். பொது ஒயர் அறுந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு ட்ரைவர்களும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பாடும். நடுவில் வைத்துப் பதிவான குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். முழு ஹெட்ஃபோனும் கெட்டுவிட்டது என்று இதைத் தூக்கி எறிய வந்தவர்கள் உண்டு. ஒரு பிளக் மாற்றினால் சரியாகும்.

கேபிளில் முறிவு பெரும்பாலும் பிளக்கிலிருந்து நாலைந்து சென்டிமீட்டருக்குள்ளோ, கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலோ இருக்கும். மெதுவாக ஏதாவது பாட விட்டுக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். ஒலி வெட்டும் இடம்தான் முறிவு. கழற்றும் கேபிள் என்றால் புதியது வாங்கிப் போடுவதே சுலபம். நிலையான கேபிள் என்றால், அந்த இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டுப் புது பிளக் பற்றவைக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

வெட்டியதும் பிளக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள், பிறகுதான் பற்றவைப்பு. உள்ளே இருக்கும் ஒயர்கள் பார்க்கச் செம்பு மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றின் மேலும் நிறமுள்ள அரக்குப் பூச்சு இருக்கும். அது போகாமல் ஈயம் ஒட்டாது. கத்தியால் சுரண்டினால் ஒயரே அறுந்துபோகும். அயர்னை 380 டிகிரி அளவில் வைத்து, நுனியில் ஒரு துளி ஈயம் எடுத்து, ஃப்ளக்ஸ் தடவிய ஒயர் முனையை அதில் சில நொடி முக்கினால் பூச்சு எரிந்து ஈயம் பிடித்துவிடும். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வலுவுக்காக நடுவே ஓடும் நைலான் நூலை வெட்டிவிடுங்கள்.

பெரும்பாலான கேபிள்களில் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. ஆனால் நிறத்தை நம்பிப் பற்றவைக்காதீர்கள், மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சரியான ஜோடியைத் தொடும்போது அந்தப் பக்க ட்ரைவரில் சின்னதாக ஒரு டிக் சத்தம் கேட்கும். பற்றவைக்கும்போது புது பிளக்கை ஒரு பழைய ஜாக்கில் செருகி வைத்துக்கொள்ளுங்கள். சூட்டை அது வாங்கிக்கொள்ளும், பிளக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி முனைகள் சாய்ந்துவிடாது. நுனிக்கு இடது, வளையத்துக்கு வலது, அடிப்பகுதிக்குப் பொது. ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு மூன்று நொடிக்குள் முடியுங்கள். மூடியைத் திருகுவதற்கு முன் பாட விட்டுச் சோதித்துவிடுங்கள்.

கரகரப்பு, விரிசல், மற்றவை

பேஸ் வரும்போது மட்டும் ஒரு பக்கம் கரகரக்கிறது என்றால், ட்ரைவர் கிழிந்துவிட்டது என்று முதலில் நினைக்காதீர்கள். தலைமுடி ஒன்று வலை வழியாக நுழைந்து சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேட்டையும் உள்ளே இருக்கும் பஞ்சுத் தகட்டையும் எடுத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் இடுக்கியால் மெல்ல உருவி எடுங்கள். இரும்பு இடுக்கி கூடாது. ட்ரைவரின் காந்தம் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், நுனி நேராகச் சவ்வில் போய் இறங்கும். பிளேனாரில் காந்தங்கள் இன்னும் பலமானவை. அதன் பக்கத்தில் திருப்புளியையோ, கழற்றிய ஸ்க்ரூக்களையோ வைக்கவே வேண்டாம். பஞ்சுத் தகடு பொடிந்து உதிரத் தொடங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தத் தூளும் கரகரப்புக்குக் காரணமாகும்.

கவையில் விரிசல் விட்டால் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுவது நிற்காது. அது காய்ந்ததும் விறைத்துவிடும், வளையும் பாகத்தில் சில நாளில் தெறிக்கும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் வெளுக்க வைக்கும். இரண்டு கலவை எப்பாக்சியும், உள்பக்கம் ஒரு மெல்லிய உலோகத் தகடும் வைத்து ஒட்டினால் தாங்கும். உதிரிக் கவை கிடைத்தால் அதுவே மேல்.

கேபிளும் செருகுவாயும் சரியாக இருந்து, ட்ரைவரின் முனைகளில் நேரடியாக அளந்தும் மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால், சுருளின் ஒயர் அறுந்திருக்கிறது. மயிரிழையை விட மெல்லிய அந்த ஒயரைக் கையால் ஒட்ட முயல வேண்டாம். புது ட்ரைவர் போடுவதுதான் வழி. முடிந்தால் ஜோடியாக வாங்குங்கள். தனியாக ஒன்றைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் குரல் நடுவில் நிற்காது. ப்ளஸ் மைனஸ் குறியைப் பழைய ட்ரைவரில் பார்த்து, கழற்றும் முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோஸ்டாடிக் உள்ளவர்கள் கவனிக்க: ஸ்டாக்ஸின் இன்றைய மாடல்கள் 580 வோல்ட் பயாஸில் (சவ்வுக்குக் கொடுக்கும் நிலையான மின்னழுத்தம்) ஓடுபவை, ஐந்து முனை பிளக். பழைய 230 வோல்ட் மாடல்களுக்கு ஆறு முனை. ஆம்பும் ஹெட்ஃபோனும் ஒரே வகையா என்று பார்த்து வாங்குங்கள். தூசி புகுந்தால் கீச்சிடும், ஈரத்தில் ஒரு பக்கம் தளரும். பயன்படுத்தாத நேரத்தில் மூடி போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பதுதான் நம்மால் செய்ய முடிந்தது. மற்றதெல்லாம் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வேலை. ஃபோகல் உட்டோபியா மாதிரி பெரிலியம் சவ்வுள்ள ட்ரைவர்களிலும் சவ்வைத் தொடவோ சுரண்டவோ வேண்டாம். பெரிலியத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

பழுதுக்கு அனுப்புவது என்று முடிவானால், கேபிளைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். இல்லையென்றால் வழியில் பிளக் உருண்டு கிண்ணத்துக்குள் போய்ச் சவ்வில் இடிக்கும். இரண்டு பேட்களுக்கும் நடுவே ஒரு துணிச்சுருள் வையுங்கள், தலைப்பட்டையை முழுக்கச் சுருக்கிவிடுங்கள். ஒரு தாளில் எந்தப் பக்கம், எந்த ஒலியில், எப்போதிலிருந்து என்று எழுதி, நீங்கள் அளந்த ஓமையும் கேபிளை மாற்றிப் பார்த்த விவரத்தையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். சீரியல் எண்ணை உங்கள் பக்கம் ஒரு படமாக வைத்துக்கொள்ளுங்கள்.